மூளையைத் தாக்கும் காய்ச்சல்கள்

காய்ச்சல் நாம் யாவரும் அறிந்த ஒன்று. இரண்டு நாள் கஞ்சி குடித்துப் படுத்திருந்தால் பெரும்பாலும் அது நீங்கிவிடும். ஆயின், எல்லாக் காய்ச்சலும் அத்தகையன அல்ல. சில மணி நேரத் தாமதமும் உயிரைப் பறிக்கக்கூடிய காய்ச்சல் ஒன்றுண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் கிருமிகள் தாக்குவதால் விளைவது அது.

நான் வாழும் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து தெற்கே சென்றால், நாமக்கல்லில் ஒரே பாறையின்மேல் எழுந்த கோட்டையைக் காணலாம். நம் மூளையும் ஒரு கோட்டையே. மண்டையோடு அதன் புறமதில். அதனுள்ளே மூன்று சவ்வுகள். அவற்றினிடையே சுமார் 150 மில்லிலிட்டர் தெளிந்த நீர். இரத்தத்திலுள்ள பொருள்களையெல்லாம் கண்டபடி உள்ளே விடாத நுண்ணிய தடை ஒன்றும் உண்டு. இத்தடையே ஒருவகையில் இடையூறும் ஆகின்றது. பகைவன் உட்புகுந்துவிட்டால், வெளியே நிற்கும் நம் படையும் எளிதில் உள்ளே செல்ல இயலாது. ஆதலால்தான் இந்நோய்க்கு மருந்தை மிகுந்த அளவில் இரத்தக் குழாய் வழியே செலுத்துகின்றனர்.

சவ்வுகள் அழற்சியுற்றால் அது மூளைச்சவ்வுக் காய்ச்சல். மூளையே அழற்சியுற்றால் அது மூளைக் காய்ச்சல். முன்னதைப் பெரும்பாலும் பாக்டீரியாக்களும் வைரஸ்களும் விளைவிக்கும். காச நோய்க் கிருமியும் சிலவேளை அதனைச் செய்யும். பின்னதைப் பெரிதும் வைரஸ்களே விளைவிக்கும்.

வைரஸால் வரும் மூளைக் காய்ச்சலின் வரலாற்றில் நம் தமிழ்நாட்டிற்கும் இடமுண்டு. 1955-ஆம் ஆண்டில், வட ஆர்க்காட்டிலும் அண்டை ஆந்திரப் பகுதியிலும் குழந்தைகள் காய்ச்சலும் வலிப்பும் கண்டு நினைவிழந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் புனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தாரும் ஆராய்ந்தனர். ஜப்பானில் 1924-ஆம் ஆண்டில் பெருங்கொள்ளை நோயாக எழுந்த அதே மூளைக் காய்ச்சல் இங்கும் உள்ளது எனக் கண்டனர். இந்தியாவில் இந்நோய் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் முறை.

இவ்வைரஸ் கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளிலும் பன்றிகளிலும் பெருகுகின்றது. நெல்வயல் நீரில் வளரும் க்யூலெக்ஸ் இனக் கொசு, அந்தியிலும் இரவிலும் கடித்து அதனை மனிதருக்குக் கொண்டு வருகின்றது. ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றுவதில்லை. தொற்றுக்குள்ளாகும் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே கடும் நோய் காணும். ஆனால், அவ்வாறு கண்டவர்களில் 100-க்கு 30 பேர் வரை இறக்கக்கூடும்.

நோயை அறிவது எங்ஙனம்? காய்ச்சலோடு கடுந்தலைவலி, வாந்தி, முகவாயை மார்பில் தொட இயலாத கழுத்து விறைப்பு, ஒளியைக் காணக் கூசுதல், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவை அறிகுறிகள். கைக்குழந்தைகளிடம் கழுத்து விறைப்பு இல்லாமலும் இருக்கலாம். அவர்கள் பால் குடிக்க மறுப்பதும், உச்சிக்குழி புடைத்திருப்பதும் கவனிக்கத் தக்கவை.

ஐயத்தைத் தீர்ப்பது முதுகில் ஊசியிட்டு நீர் எடுத்துப் பார்க்கும் சோதனை. 1891-இல் ஜெர்மானிய மருத்துவர் க்விங்கே வகுத்த முறை இது. பாக்டீரியாவாயின் நீர் கலங்கியிருக்கும். வெள்ளணுக்கள் பெருகிச் சர்க்கரை குறைந்திருக்கும். வைரஸாயின் சர்க்கரை பெரும்பாலும் குறையாது. ஜப்பானிய மூளைக் காய்ச்சலாயின் அதற்குரிய எதிர்ப்பொருள் அந்நீரில் தென்படும்.

இச்சோதனையைக் கேட்டதும் நம் மக்கள் அஞ்சுகின்றனர். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒரு மாணவன் வகுப்பிலேயே கழுத்து விறைத்துச் சாய்ந்தான். மருத்துவமனையில் அவன் தந்தையார், “ஐயா, முதுகில் ஊசி போட்டால் பையனுக்குக் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்களே!” என்று கலங்கினார். மருத்துவர் ஒரு படம் வரைந்து காட்டினார். தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகின்றது. ஊசி செல்வது அதற்குக் கீழே, இடுப்புப் பகுதியில். தந்தையார் இசைந்தார். பையன் பிழைத்தான், ஆயினும் ஒரு செவி கேளாதாயிற்று. அவனுக்கு முன்வரிசையில் இடமளித்தோம். அவன் படிப்பை முடித்தான்.

சிகிச்சை கிருமிக்கேற்ப வேறுபடும். பாக்டீரியாவாயின் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்தைச் சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் தொடங்குவர். காச நோயாயின் பல மருந்துகளைச் சேர்த்து, 9 முதல் 12 மாதங்கள் வரை கொடுப்பர். ஹெர்ப்பிஸ் வைரஸுக்கு அசைக்ளோவிர் உண்டு. ஜப்பானிய மூளைக் காய்ச்சலின் வைரஸை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வலிப்பை அடக்கி, மூளை வீக்கத்தைக் குறைத்து, மூச்சைக் காப்பதே சிகிச்சையாகும்.

மருந்தில்லாத நோய்க்குத் தடுப்பூசி உண்டு என்பது நம் நற்பேறு. 2006 முதல் இந்நோய் காணும் மாவட்டங்களில் குழந்தைகளுக்கு அது இடப்பட்டு வருகின்றது. பிறந்தவுடன் இடும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளைக் காச நோய் மூளைச்சவ்வுக் காய்ச்சலிலிருந்து பெரிதும் காக்கின்றது.

நீங்கள் மருத்துவராக வேண்டுவதில்லை. தம்பி தங்கையரின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அன்னையிடம் சொல்லுங்கள். வீட்டிலோ அண்டையிலோ காய்ச்சலோடு கழுத்து விறைப்போ, வலிப்போ, பிதற்றலோ கண்டால், “பொழுது விடியட்டும்” என்று பெரியவர்கள் சொன்னாலும் பணிவோடு மறுத்து, அப்பொழுதே மருத்துவமனைக்குப் புறப்படச் செய்யுங்கள்.