ஒரு சுற்றுக்கு ஆறரை மடங்கு

வத்தளையில், திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் படகைக் கரையில் கட்டுபவரின் கையைப் பாருங்கள். முடிச்செல்லாம் பிறகுதான். முதலில் கயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவார். அதற்குள் படகு அடங்கிவிடும்.

வேலை செய்வது உராய்வு. தூணைத் தொடும் ஒவ்வோர் அங்குலக் கயிறும் இழுவையில் ஒரு பங்கைத் தின்கிறது. மிஞ்சியதில் அடுத்த அங்குலம் தன் பங்கை எடுக்கிறது. ஆகவே பிடிமானம் பெருக்கலாக ஏறும். உராய்வுக் குணகம் 0.3 என்றால் ஒரு சுற்றுக்கு 6.6 மடங்கு, இரண்டுக்கு 43, மூன்றுக்கு 280க்கும் மேல். 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஒய்லர் இதைச் சமன்பாடாக்கினார்.

மெக்சிக்கோவின் மாட்டுக்காரர்களான வக்கேரோக்களுக்கு அந்தச் சமன்பாடு தேவைப்படவில்லை. சினிமா அவர்கள் சுருக்கு வீசுவதையே காட்டும். உண்மையான வித்தை அதற்குப் பிறகு. காளையின் கழுத்தில் சுருக்கு விழுந்த கணமே, கயிற்றின் இந்த முனையைக் குதிரைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றுவார்கள், முடிச்சுப் போட மாட்டார்கள். முடிச்சுப் போட்டால் காளை திமிறும் அதிர்ச்சியில் பின்னிய தோற்கயிறு அறுந்துபோகலாம். சுற்றிய கயிறோ சற்று வழுக்கிக் கொடுத்து, வேகத்தைச் சூடாக்கிக் கரைக்கும். கொம்பில் புகைகூட வரும். நடுவில் பெருவிரல் அகப்பட்டால், விரல் போய்விடும். இந்தக் கைப்பழக்கம் கலிபோர்னியாப் பண்ணைகளுக்கும், அங்கிருந்து 1830களில் ஹவாய்க்கும் பரவியது. டெக்சாஸ்காரர்கள் மட்டும் கயிற்றைக் கொம்பிலேயே முடிந்துகொண்டார்கள்.

இலங்கையில், எங்கள் கிழக்கில் இதுபோன்ற தோற்கயிறு யானைக்குப் போனது, அதுவும் கால்நடையாக! யானை பிடிக்கும் ஏறாவூர்ப் பணிக்கர்கள் அந்நாளில் பதுங்கிப் போய், யானையின் பின்னங்காலில் சுருக்கை மாட்டி, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள்.

உராய்வு உதவியும் செய்யும், வம்பும் செய்யும் என்பதற்கு 1847இல் குருநாகல் பக்கம் நடந்த யானைப் பிடிப்பே சாட்சி. அங்கிருந்த எமர்சன் டெனன்ட் தன் இலங்கை நூலில் அதை எழுதியிருக்கிறார். சிரிபெத்தி என்ற பழக்கிய பெண் யானை, கைதியான காட்டு யானையின் காற்கயிற்றை இழுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தது. ஒரு சுற்று விழுந்ததும் கைதியால் ஓட முடியவில்லை. சிரிபெத்தியாலும் அதை மரத்தடிக்கு இழுக்க முடியவில்லை. அதே பெருக்கல் இப்போது எதிர்ப்பக்கம்! இன்னொரு பழக்கிய யானை இதைக் கண்டு தானாகவே திரும்பி வந்து, கைதியின் தலையோடு தலை வைத்துப் பின்னுக்குத் தள்ளியது. கயிறு தளரத் தளர, அடிக்கு அடி சிரிபெத்தி இழுத்துக்கொண்டே போனது.