நடுவானில் எரியும் எச்சரிக்கை விளக்கு: உள்ளே நோயாளி... பைலட் என்ன செய்வார்?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். மீட்புப் பணிக்கு விமானப்படை ஹெலிகாப்டர்களும் வரவழைக்கப்பட்டன. மலைப்பகுதியில் ஹெலிகாப்டர் எவ்வளவு முக்கியம்னு அன்று பலருக்கும் புரிந்தது.

சரி, நோயாளியோடு பறக்கும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தால்? நிஜ ஆபத்தா, சென்சார் கோளாறா?

விளக்கு ஏன் எரியுது?

உதாரணத்துக்கு, 'சிப் டிடெக்டர்'. கியர்பாக்ஸ் ஆயிலுக்குள் இருக்கும் ஒரு சின்ன காந்தம். பல்சக்கரமோ பேரிங்கோ உடைய ஆரம்பித்தால், இரும்புத் துகள் இதில் ஒட்டும். மின் இணைப்பு ஏற்பட்டு பைலட் முன்னால் விளக்கு எரியும்.

பொய் எச்சரிக்கை எப்படி வருது?

வழக்கமான தேய்மானத்தில் வரும் மெல்லிய தூள் போதும். வயர் உரசல், கனெக்டரில் ஈரம் அல்லது துரு இருந்தாலும் விளக்கு எரியலாம். சில ஹெலிகாப்டர்களில் பட்டனை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து தூள் எரிந்துவிடும். விளக்கு மறுபடியும் எரிந்தால் அலட்சியம் கூடாது.

பைலட் என்ன பார்ப்பார்?

ஆயில் அழுத்தம், வெப்பநிலை, சத்தம், அதிர்வு. இதில் ஏதாவது மாறியிருந்தால் உடனே தரையிறங்கணும். எல்லாம் சரியாக இருந்தாலும், கையேடு சொல்கிறபடி பாதுகாப்பான இடம் பார்த்து இறங்கணும்.

கம்பம் பள்ளத்தாக்கில் அது லேசான வேலை இல்லை. இரண்டு பக்கமும் மலை. கீழே திராட்சைப் பந்தல், தென்னந்தோப்பு, மின்கம்பிகள். பள்ளி மைதானமோ அறுவடை முடிந்த வயலோ தேடணும். பிறகு 108 ஆம்புலன்ஸ் வர வேண்டும். நோயாளிக்கு ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

'பொய்யா இருக்கும்'னு விட்டுட்டா?

2009 ஏப்ரல் 1. ஸ்காட்லாந்து கடலில் சூப்பர் பூமா ஹெலிகாப்டர் விழுந்து 16 பேரும் உயிரிழந்தனர். சில நாட்களுக்கு முன்பே அதன் கியர்பாக்ஸில் உலோகத் துகள் கிடைத்திருந்தது. அதன் தீவிரம் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை.

நேர்மாறாகவும் நடந்திருக்கு. 2018 அக்டோபர் 29-ல் இந்தோனேசியாவில் லயன் ஏர் விமானம் விழுந்து 189 பேர் இறந்தனர். அதில் சென்சார்தான் தவறான தகவல் தந்தது. முந்தைய பயணத்திலேயே அதே கோளாறு தெரிந்தும், சரியாகத் தீராமலேயே விமானம் மறுபடி பறந்தது.

ஆக, வானத்தில் எந்த எச்சரிக்கையையும் நிஜம்னு எடுத்துக்கொள்ளணும். பொய்யா இல்லையான்னு முடிவு செய்ய வேண்டியது தரையில், மெக்கானிக் கையில்.