கல்யாணப் பத்திரிகையில் ஓர் அன்பு அட்டை!

பிப்ரவரி 14-ந்தேதி காதலர் தினம். பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே ஏராளம். "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்பார்கள். ஆனால் அந்த நாளுக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் அன்று வகுப்புத் தோழர்களுக்கும், ஆசிரியைக்கும், பெற்றோருக்கும் வாழ்த்து அட்டை கொடுக்கிறார்கள். பின்லாந்து நாட்டில் அந்த நாளின் பெயரே 'நண்பர்கள் தினம்'தான்.

கோரமண்டலிலும் தங்கவயலின் மற்றப் பகுதிகளிலும் வாழும் குழந்தைகள் அன்று அப்பாவுக்கு ஓர் அட்டை செய்து கொடுத்தால் என்ன? இந்த ஊரில் அதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையில் இறங்கியது. அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகத் தங்கவயல் தமிழனுக்கு வேலை காலடியிலேயே கிடைத்தது. ஷிப்டு முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தால், நடந்து போகும் தூரத்தில் வீடு. 2001 பிப்ரவரி 28-ந்தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் பலருக்கு வேலை என்றால் பெங்களூர்தான். போக நூறு கிலோ மீட்டர், வர நூறு கிலோ மீட்டர்.

தங்கச் சுரங்கங்களுக்காக 1894-ல் போட்ட ரெயில் பாதை, இன்று மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காரப்பேட்டை வழியாக ஓடுகிறது. விடியுமுன் அப்பா ரெயில் ஏறும்போது குழந்தை தூங்குகிறது. இரவில் அவர் திரும்பும்போதும் குழந்தை தூங்குகிறது. சில வீடுகளில் அம்மாவும் அதே ரெயிலில் போகிறார். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பெற்றவரும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேச நேரமே இல்லை. பேச முடியாததை ஓர் அட்டை பேசும்!

கடையில் பிறந்ததல்ல

வாழ்த்து அட்டை கடைச் சரக்காகத் தொடங்கியதல்ல. இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னி தபால் முறை வந்ததும், பிப்ரவரி 14-க்கு அட்டை அனுப்பும் பழக்கம் வேகமாகப் பரவியது. பலர் காகிதப் பின்னல், ரிப்பன், வெட்டிய படம் ஆகியவற்றை வீட்டிலேயே ஒட்டிச் செய்தார்கள். அமெரிக்காவில் எஸ்தர் ஹவுலண்ட் என்ற பெண், இங்கிலாந்திலிருந்து தனக்கு வந்த அட்டையைப் பார்த்துவிட்டுத் தானும் செய்யத் தொடங்கினார். அவருடைய தகப்பனார் காகிதக் கடை வைத்திருந்தார். ஆர்டர் குவிந்ததும் தோழிகளை மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுத்தார். அங்கே அட்டைத் தொழில் பெரிதாக வளர்ந்ததில் இவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

நமக்கும் இது புதிதல்ல. சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகளைத் தேடி வாங்கி, முகவரி எழுதி, தபால் பெட்டியில் போட்டவர்கள்தானே நாம்? கைபேசி வந்த பிறகு அந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது.

என்னென்ன தேவை?

கடைக்குப் போக வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று போதும். அதன் கெட்டி அட்டையும் பொன்னிற ஓரமும் வேறெதிலும் கிடைக்காது. தினசரி காலண்டரின் அடி அட்டை, பற்பசைப் பெட்டி, ஊதுபத்திப் பெட்டி, மிட்டாய் சுற்றிய ஜிகினாத் தாள், தையல் கடையில் கழித்த துண்டுத் துணி, அறுந்த சட்டைப் பொத்தான் எல்லாமே உதவும்.

பசைக்கு ஒரு கரண்டி மைதாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறினால் போதும். அல்லது நன்றாகக் குழைந்த சோறே போதும்.

சிவப்பு வர்ணம் வேண்டுமா? ஆரத்தி கரைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு தயார். இதைப் பெரியவர்கள்தான் கலக்க வேண்டும். வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டி வர்ணத்தில் தொட்டு அழுத்தினால், அழகான பூ முத்திரை விழும்.

செய்முறை

இதய வடிவம் வரைய வரவில்லையே என்று குழந்தை தயங்கலாம். ஒரு வெற்றிலையை எடுத்து, நடு நரம்போடு இரண்டாக மடியுங்கள். மடித்த காகிதத்தின் மடிப்பு ஓரத்தில் அந்த நரம்பு பொருந்தும்படி வைத்து, சுற்றிலும் கோடு போட்டு வெட்டுங்கள். பிரித்தால் இதயம்!

அட்டையின் அளவுதான் முக்கியம். பெரிதாகச் செய்தால் அது அலமாரிக்குப் போய்விடும். சீசன் டிக்கெட் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் நுழையும் அளவுக்கு வெட்டுங்கள். அப்பாவின் சட்டைப் பையில் இருந்தபடி அது தினமும் பெங்களூர் போய் வரும். அப்படியானால் பொத்தானை விட்டுவிட்டு, துணி, ஜிகினா போன்ற மெல்லிய பொருள்களை மட்டும் ஒட்டுங்கள்.

எச்சரிக்கை

மினுமினுப்புக்காகச் சயனைடு மேட்டு மண்ணை எடுத்து ஒட்டுவது கூடவே கூடாது. பாறையைத் தூளாக்கி, சயனைடு கலந்து தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு அது. அதன் மெல்லிய தூசு நுரையீரலுக்கு ஆகாது. தங்கவயல் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதிலாகக் கோலமாவு தூவலாம். கழுவிக் காய வைத்து நொறுக்கிய முட்டை ஓடும் ஒட்டலாம்.

போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், குழந்தையின் கை படும் பசையில் சேர்க்காதீர்கள். பிளேடு வேண்டாம். முனை மழுங்கிய கத்தரிக்கோல் போதும்.

என்ன எழுதுவது?

இங்கேதான் பெற்றோர் பொறுமை காட்ட வேண்டும். வாசகத்தை நீங்கள் சொல்லி எழுத வைக்காதீர்கள். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். அப்பாவிடம் உனக்குப் பிடித்தது என்ன? இந்த வாரம் அவரிடம் சொல்ல விட்டுப் போனது என்ன? ஞாயிற்றுக்கிழமை அவரோடு என்ன செய்ய ஆசை? பதிலே வாசகம்.

கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கும் பிள்ளையானாலும், இந்த மூன்று வரியைத் தமிழில் எழுதச் சொல்லலாம். எழுத்துத் தெரியாவிட்டால் பாட்டி கற்றுக் கொடுப்பார். கொம்பும் காலும் மாறி விழுந்தால் திருத்த வேண்டாம். பிழையோடு இருந்தால்தான் அது அந்தக் குழந்தையின் கடிதம்.

13-ந்தேதி இரவே அட்டையைச் சாப்பாட்டு டிபன் பைக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் ரெயிலில் அப்பா அதைப் பார்ப்பார்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி பதில் எழுதி, இரவு வீடு திரும்பியதும் பிள்ளையின் புத்தகப் பையில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் நீங்கள் ரெயிலில் இருப்பீர்கள். உங்கள் பதில் பள்ளிக்கூடம் போகும்.