கணனியின் திடீர் முடக்கம்: அறிகுறியும் காரணமும்

வீட்டுக் கணனியொன்று முன்னறிவிப்பின்றி முடங்கும்போது அதனைப் பயன்படுத்துவோரிடம் இருவகை எதிர்வினைகளை நாம் பொதுவாகக் காண்கின்றோம். ஒன்று, ‘வைரஸ்’ என்ற ஒரு சொல்லால் அனைத்தையும் விளக்கிவிடுதல். மற்றையது, மென்பொருள் முழுவதையும் அழித்து மீள நிறுவுதல் அல்லது உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக விலைகொடுத்து மாற்றுதல். முன்னையது நோய்க்குப் பேயைக் காரணங்காட்டுவதை ஒத்தது. பின்னையது நோய் இன்னதென அறியாது மருந்தூட்டுவதை ஒத்தது. இரண்டிலும் காரணத்தைத் தேடும் முயற்சி இல்லை. பல்லாண்டு உழைப்பின் பயனான ஆய்வேடும் குடும்பத்தின் ஆவணங்களும் இத்தகைய இயந்திரமொன்றினுள்ளேயே தங்கியுள்ள இன்றைய நிலையில், இதனைத் தொழினுட்பவியலாளருக்கு மட்டுமுரிய பிரச்சினையெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது.

குறைபாடு வெளிப்படும் இடமும் அது தோன்றும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்ற அனுமானமே இங்கு நேரும் தவறுகள் பலவற்றுக்கு அடிப்படையாகும். இதனை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று தெளிவாக்கும்.

இன்ரெல் நிறுவனம் 2022ஆம், 2023ஆம் ஆண்டுகளில் தனது 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணனிப் புரொசெசர்களை வெளியிட்டது. அவற்றுள் ஆற்றல்மிக்க வகைகளைப் பயன்படுத்திய பலர், கணனி விளையாட்டுகளைத் தொடங்கும்போது அவை திடீரென நின்றுவிடுவதை அவதானித்தனர். திரையிலே தோன்றிய செய்தியோ, வரைகலை நினைவகம் போதவில்லை என்பதாகும். எனவே ஐயம் வரைகலை அட்டையின்மீது விழுந்தது இயல்பே. ஆயினும் குறை அங்கிருக்கவில்லை. விளையாட்டு தொடங்குகையில் சுருக்கிவைக்கப்பட்ட தரவுகள் பெருமளவில் விரித்தெடுக்கப்படுகின்றன. அக்கணிப்பு புரொசெசரையே சார்ந்தது. நலிவுற்ற புரொசெசர் அக்கணிப்பிற் பிழைவிட்டது. பிழையின் ஊற்றை அறியாத மென்பொருள், தனக்குத் தெரிந்த வாய்பாடொன்றிலே அதனை அறிவித்தது.

புரொசெசரினுள் இயங்கும் நுண்நிரல் தேவைக்கு மிஞ்சிய வோல்ற்றளவைக் கோரியமை ஒரு காரணமென 2024 யூலையில் இன்ரெல் அறிவித்தது. ஓகஸ்டில் திருத்திய நுண்நிரலும் வெளிவந்தது. உயர்ந்த வோல்ற்றளவினாலும் வெப்பநிலையினாலும் உட்சுற்றொன்று நாளடைவில் நலிவுறுகின்றது என்ற விளக்கம் செப்ரெம்பரில் வெளியாயிற்று. திருத்தம் மேலுந் தீங்கு நேராது காக்க முற்பட்டதேயன்றி, ஏற்கெனவே நலிந்தவற்றைப் புதுப்பிக்க வல்லதன்று. அவற்றை மாற்றவே வேண்டியிருந்தது. நிறுவனமும் உத்தரவாதக் காலத்தை ஈராண்டுகளால் நீடித்தது. திரைச் செய்தியை மட்டும் நம்பி வரைகலை அட்டையை மாற்றிய ஒருவர் பணத்தை இழந்திருப்பார்; முடக்கமோ தொடர்ந்திருக்கும்.

எனவே செய்தியைச் சான்றாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது. சான்றுகளை ஆராய்வதற்கு மூன்று வினாக்கள் உதவும்.

முதலாவது வினா, கணனி எவ்வாறு நின்றது என்பதாகும். எச்செய்தியுமின்றித் திரை இருண்டு, இயந்திரம் அணைந்தோ மீளத் தொடங்கியோ விடுமாயின், மின்வழங்கல் அலகையும் வெப்பத்தையும் முதலில் ஐயுறல் வேண்டும். இத்தகைய நிகழ்வின் பின்னர் விண்டோஸ் தன் பதிவேட்டில் 41 என்னும் இலக்கத்தையுடைய குறிப்பொன்றை எழுதுகின்றது. இதனையே காரணமென மயங்குவோர் பலர். முன்னைய இயக்கம் முறைப்படி முடிவுறவில்லை என்பதற்கு மேல் அக்குறிப்புத் தன்னளவில் எதையும் நிறுவுவதில்லை.

நீலத் திரை தோன்றுவது வேறுவகை. பணிசெயல் முறைமை தன் உள்நிலையில் முரண்பாடொன்றைக் கண்டு, தரவுகள் மேலும் கெடாதிருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கின்றது. ஆகவே நீலத் திரை நோயன்று. காவலனின் கூக்குரல் எனலாம். அவ்வேளையில் நினைவகத்தின் நிலை கோப்பொன்றாகச் சேமிக்கப்படுவதுண்டு. அடுத்தடுத்த கோப்புகள் ஒரே ‘டிரைவர்’ மென்பொருளைச் சுட்டின் அதனை ஐயுறுதல் தகும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடும் வெவ்வேறு மென்பொருளும் சுட்டப்படின், அவையனைத்துக்கும் பொதுவான நினைவகமோ புரொசெசரோ ஐயத்துக்குரியதாகும். தனியொரு மென்பொருள் மட்டும் மூடப்படுவது மூன்றாம் வகை. அதன் குறை பெரும்பாலும் அம்மென்பொருளையே சார்ந்ததெனினும், மேற்காட்டிய நிகழ்ச்சி இதற்கும் விதிவிலக்குண்டென உணர்த்துகின்றது.

இரண்டாவது வினா, எப்பொழுது என்பது. கடும் வேலைப்பளுவின்போது மட்டும் முடக்கம் நேரின் வெப்பமோ மின்வழங்கலின் போதாமையோ காரணமாகலாம். இன்றைய புரொசெசர்கள் பல ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை அணுகியதும் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் மேல் வெப்பம் ஏறின் இயக்கத்தையே நிறுத்திவிடுகின்றன. விசிறியிற் படிந்த தூசியும், புரொசெசருக்கும் வெப்பமகற்றிக்கும் இடையிலான பசை உலர்ந்தமையும் இதற்குப் போதிய காரணங்களாகும். புதிய நினைவகமோ டிரைவரோ சேர்த்த நாள்தொட்டே முடக்கம் தொடங்கியிருப்பின் அக்கால ஒற்றுமை கவனிக்கத்தக்கது. ஆயின் முன்னும் பின்னும் நிகழ்ந்தமை மட்டுமே காரண காரியத் தொடர்பை நிறுவாது.

அதனை நிறுவுவது மூன்றாவது வினா: எதனை மாற்றினால் முடக்கம் மறைகின்றது? இங்கு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றிக் கணனி சீரடைந்தாலும் நாம் எதையும் அறிந்தவராகோம். நினைவகத்தைச் சோதிக்க மெம்ரெஸ்ற் போன்ற மென்பொருளை ஓரிரவு முழுதும் இயக்கலாம். ஒரேயொரு பிழை தோன்றினும் அது புறக்கணிக்கத்தக்கதன்று. பின்னர் நினைவகத் துண்டுகளைத் தனித்தனியே இட்டும் இடமாற்றியும் சோதித்தால், பிழை துண்டைத் தொடர்கின்றதா, அது பொருந்தும் இடத்தைத் தொடர்கின்றதா என்பது புலனாகும். அதேவேளை, ஓரிரவு பிழை தோன்றாமை குறையின்மைக்கு முழுச் சான்றாகாது. இடையிட்டு நிகழும் குறைகள் சோதனைக்கு அகப்படாமலும் போகலாம்.

“ஒருமுறைதானே நேர்ந்தது” எனும் ஆறுதலும் ஆராயத்தக்கது. ஏறத்தாழ பத்து இலட்சம் வீட்டுக் கணனிகளின் தரவுகளைக்கொண்டு மைக்ரோசொப்ற் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு, வன்பொருட் குறையால் ஒருமுறை முடங்கிய கணனி மீண்டும் முடங்கும் வாய்ப்பு நூறு மடங்கு வரையும் உயரக்கூடுமெனக் காட்டியது. எனவே முதல் முடக்கமே எச்சரிக்கையாகும். அதன் பின்னர் செய்யவேண்டிய முதற் பணி பழுதுபார்த்தலன்று; ஆவணங்களை வேறோர் இடத்திற் படியெடுத்து வைத்தலே. நலிந்த கணனியிற் செய்யப்படும் ஒவ்வொரு சோதனையும் அவற்றைப் பணயம் வைப்பதாகும்.

அடுத்த பணி குறிப்பேடொன்றைத் தொடங்குதல். நாள், நேரம், அப்போது நடைபெற்ற வேலை, திரையிற் கண்ட சொற்கள், அண்மையிற் செய்த மாற்றங்கள் என்பவற்றை ஒவ்வொரு முடக்கத்தின் பின்னரும் எழுதிவைத்தல் வேண்டும். இதற்குப் பொறியியற் கல்வி தேவையில்லை. பத்து வரிகள் கொண்ட இத்தகைய குறிப்பேட்டுடன் பழுதுபார்ப்பவரிடம் செல்பவர், எந்த உறுப்பை எதற்காக மாற்றவேண்டுமென அவரிடம் காரணங் கேட்கும் தகுதியைப் பெறுகின்றார். குறிப்பேதுமின்றிச் செல்பவர் அவர் கூறுவதையே ஏற்கவேண்டியவராகின்றார். விஞ்ஞான நோக்கு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை வீட்டு மேசையிலுள்ள இவ்வியந்திரத்திலிருந்தே நாம் கற்கத் தொடங்கலாம்.