செம்மறிப் பால்: சத்து உண்டு, ஆனா பங்கு யாருக்கு?

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளிலிருந்து இயற்கைக் காய்கறி வாங்க வர்றவங்க இப்போ புதுசா ஒரு கேள்வி கேட்கிறாங்க. "செம்மறி ஆட்டுப்பால் உடம்புக்கு ரொம்ப நல்லதாமே, உங்க பட்டியில கிடைக்குமா?" பூந்தமல்லிக்கு மேற்கே இருபது சொச்சம் தாய் ஆடுகள் வச்சிருக்கேன். நல்ல விலை தர்றோம்னும் சொல்றாங்க. ஆடு வச்சிருக்கிற நம்ம ஆட்கள் சிலருக்கும் இப்போ இந்த ஆசை வந்திருக்கு. அதனால பாலோட சத்தையும் நம்ம ஆட்டோட நிலைமையையும் சேர்த்தே பார்த்துடலாம்.

பாலுக்குள் என்ன இருக்கு?

100 கிராம் செம்மறிப் பாலில் சுமார் 6 கிராம் புரதம், 7 கிராம் கொழுப்பு, 190 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கு. அதே அளவு பசும்பாலில் புரதம் 3.2 கிராம், கொழுப்பு மூன்றரை கிராம், சுண்ணாம்புச் சத்து 110 மில்லிகிராம்தான். எருமைப்பால் கொழுப்பில் செம்மறிக்குச் சமமா நிற்கும், புரதத்தில் பின்தங்கிடும். பி2, பி12 வைட்டமின்களும் பசும்பாலைவிட செம்மறிப் பாலில் கூடுதல்.

இதுக்குக் காரணம் இயற்கையோட கணக்கு. ஆட்டுக்குட்டி வேகமா வளரணும். அதனால தாய் கெட்டியான பாலைக் கொடுக்குது. மனுஷக் குழந்தை மெதுவா வளருது. அதனால தாய்ப்பாலில் புரதம் ஏறக்குறைய 1 சதவீதம்தான்.

செம்மறிப் பாலில் கொழுப்புத் துளிகள் பசும்பாலைவிடச் சிறியவை. குறுகிய, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் அதிகம். நடுத்தரச் சங்கிலி வகை, குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் சீக்கிரம் சக்தியா மாறும். உடம்பு மெலிஞ்சவங்களுக்கும், எலும்பு தேயுற வயசில் இருக்கிறவங்களுக்கும், மாமிசம் சாப்பிடாதவங்களுக்கும் இது நல்ல உணவு. திடப்பொருள் அதிகமா இருக்கிறதால தயிர் கத்தியால வெட்டுற மாதிரி உறையும். ஒரு கிலோ பாலாடைக்கட்டிக்குப் பசும்பால் 10 லிட்டர் வேணும்னா, செம்மறிப் பால் 5, 6 லிட்டரே போதும். பிரான்சின் ரோக்ஃபோர்ட், இத்தாலியின் பெக்கோரினோ எல்லாம் இந்தப் பாலில் செய்றதுதான்.

எங்கே கவனம் வேணும்?

பால் சர்க்கரை பசும்பாலில் இருக்கிற அளவு இதிலேயும் இருக்கு. பால் குடிச்சா வயிறு உப்புறவங்களுக்கு இது மருந்து கிடையாது. தயிராக்கினா ஓரளவு ஒத்துக்கும். பசும்பால் புரதம் ஒவ்வாதவங்களுக்குச் செம்மறிப் பாலும் பெரும்பாலும் ஒவ்வாது. ஒரு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலா இதைக் கொடுக்கவே கூடாது. கருச்சிதைவு நோய்க் கிருமி பால் வழியா மனுஷனுக்கும் தொத்தும். அதனால பச்சையாக் குடிக்கக் கூடாது, நல்லாக் காய்ச்சணும். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்திருந்தா, மருத்துவர் சொல்ற நாள் வரைக்கும் பாலைத் தொடாதீங்க.

இன்னொரு சேதி. சரக சம்ஹிதை பால் வகைகளிலேயே உடம்புக்கு ஒவ்வாததுன்னு செம்மறிப் பாலைத்தான் சொல்லுது. பழைய ஏட்டில் இருக்கிறதெல்லாம் புகழ்ச்சி மட்டும் இல்லை.

நம்ம ஆடு கறவை ஆடு இல்லை

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துச் சொந்த இனம் மெட்ராஸ் சிவப்பு. காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்திலும் இதை வளர்க்கிறாங்க. இது கறிக்கான இனம். கம்பளி கிடையாது, பாலும் குட்டிக்கு மட்டும்தான். பிரான்சின் லக்கோன் மாதிரி தலைமுறை தலைமுறையாப் பாலுக்குன்னே பொறுக்கி எடுத்த இனம் வேற. நம்ம நாட்டிலேயே குஜராத்தின் பட்டன்வாடி ஆட்டைக் கறக்கிறாங்க. அவங்க ஆட்டைப் பார்த்து நம்ம ஆட்டோட மடியில கை வைக்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. குட்டி ஒரு கிலோ எடை ஏற ஏறக்குறைய 5 லிட்டர் தாய்ப்பால் வேணும். தினம் கால் லிட்டர் வீதம் 60 நாள் கறந்தா நமக்கு 15 லிட்டர் கிடைக்கும். குட்டிக்கு 3 கிலோ எடை போச்சு. எடை மட்டும் போனாக்கூடப் பரவாயில்லை. இளைச்ச குட்டிக்கு மழைக்காலத்தில் கழிச்சலும் சளியும் வந்தா உயிரே போயிடும். பால் காசு கையில் தெரியும். செத்த குட்டியோட நஷ்டம் பொங்கல் சந்தையில்தான் தெரியும்.

மேய்ச்சலும் முன்ன மாதிரி இல்லை. ஏரிப் புறம்போக்கும் தரிசும் மனையாகவும் கிடங்காகவும் மாறிக்கிட்டே வருது. தாய்க்கே வயிறு நிறையாதப்போ மடி எங்கே நிறையும்?

அப்போ என்ன செய்யலாம்?

குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் ஊட்டுங்க. முதல் நாளிலேயே குட்டியோட எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போகணும். இரண்டரைக் கிலோ குட்டின்னா 250 மில்லி. மூணு மாசம் வரை பாலை முழுசா விட்டுடுங்க. குட்டியை இழந்த தாயோட பாலை, தாயை இழந்த குட்டிக்கு முதல்ல கொடுங்க. அதுக்கும் மேல மடி கனத்து நின்னா கறந்து, காய்ச்சி, வீட்டுக்குத் தயிராக்குங்க. பிள்ளைகளும் பெரியவங்களும் சாப்பிடட்டும்.

சந்தைக்கு அனுப்ப வேற சரக்கு இருக்கு. ஆட்டு எருவில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல்சத்து இருக்கு. அறுவடை முடிஞ்ச வயலில் கிடை போட்டா மூத்திரமும் சேர்ந்து மண்ணுக்குப் போகும். மாடித்தோட்டம் போடுற ஆவடி, அம்பத்தூர்க்காரங்களும் மக்கின ஆட்டெருவைத் தேடித்தான் அலையுறாங்க. பால் கேட்டு வர்றவங்க கையில ஒரு மூட்டை எருவைக் கொடுத்து அனுப்புங்க. குட்டியும் பிழைக்கும், அவங்க வீட்டுக் கீரையும் செழிக்கும்.