இரண்டு வரித் திருத்தம்: வைபை ட்ரைவரில் இருந்த ஓட்டை

எலுவன்குளம் மாதிரி கரையோர ஊர்களில் பழைய மேசைக் கணினி ஒன்றை மீண்டும் ஓடவைக்க லினக்ஸ் நல்ல வழி. காசு கொடுக்கத் தேவையில்லை. வைபை இல்லாத கணினியென்றால் ஒரு சின்ன டொங்கிளைச் செருகினால் சரி. விலை குறைந்த டொங்கிள்கள் பலவற்றில் இருப்பது தாய்வானின் ரியல்டெக் நிறுவனத்துச் சிப். அதோடு பேசுவதற்கென்று லினக்ஸின் கருவான கேர்னலுக்குள்ளேயே ஆர்டிஎல்வைபை என்றொரு ட்ரைவர் உண்டு. 2019 ஒக்டோபரில் கிட்ஹப் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியியலாளர் நிக்கோ வைஸ்மன் ஓட்டை கண்டது அதில்தான். சிவிஇ-2019-17666 என்பது அதன் பதிவிலக்கம். குறைந்தது நான்கு வருடம் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

ரவுட்டர் இல்லாமல் இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள வைபை டைரக்ட் என்றொரு முறை இருக்கிறது. அதில் ஒரு கருவி, பற்றரியை மிச்சம் பிடிக்க, “இன்ன நேரம் நான் இருக்கமாட்டேன்” என்று அறிவித்தல் அனுப்பும். ஓர் அறிவித்தல் 13 பைட். ட்ரைவர் ஒதுக்கி வைத்திருந்ததோ இரண்டு அறிவித்தலுக்கான இடம் மட்டும். ஆனால் வந்த செய்தியின் நீளத்தைப் பார்த்து, அதில் எத்தனை அறிவித்தல் என்று கணக்குப் போட்டு, அத்தனையையும் எழுதிக்கொண்டே போனது. இரண்டு சஹன் வைக்க விரித்த பாயில் பத்துச் சஹனை வரிசையாக வைத்தால் என்னவாகும்? பாய்க்கு வெளியே இருப்பதன் மேல்தான் போய் இருக்கும். நினைவகத்திலும் அதுவே நடக்கிறது. பக்கத்தில் இருந்த தரவு அழிந்து, கணினி உறைந்து நிற்கலாம். கெட்டிக்காரன் கையில் கிடைத்தால் இயந்திரமே அவன் வசமாகவும் இடமிருந்தது. ட்ரைவர் ஓடுவது கேர்னலின் முழு அதிகாரத்தோடு அல்லவா!

“வைபைக்குப் பாஸ்வேர்ட் போட்டிருக்கன்தானே” என்று நாம் நினைப்போம். இங்கே அது போதாது. எதிரி வைபை எட்டும் தூரத்தில் இருந்தால் போதும்; நாம் எதையும் அழுத்தத் தேவையில்லை.

ரெட் ஹெட் நிறுவனத்தில் இருந்த லோரா அபொட் எழுதிய திருத்தத்தின் சாரம் இரண்டே வரி: எண்ணிக்கை இரண்டைத் தாண்டினால், இரண்டு என்றே எடுத்துக்கொள். 5.3.6 வரையான பதிப்புகளில் இருந்த ஓட்டை 5.4 வெளிவரும்போது அடைபட்டிருந்தது.

என்றாலும் கேர்னலில் திருத்துவது வேறு, நம் மேசைக்கு அது வந்து சேர்வது வேறு. லினக்ஸின் நிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்தது. திருத்தம் வெளியான அன்றே ஓட்டை எங்கே என்று கெட்டவனுக்கும் தெரிந்துவிடும். ஆகவே அதன் பிறகு அப்டேட் செய்யாத கணினிக்குத்தான் ஆபத்துக் கூட. டேட்டா போயிடும் என்று நம்மவர்கள் நிறுத்தி வைப்பது இதைத்தான். நியாயமான கவலைதான், ஆனால் பாட்டுக்கும் படத்துக்கும் போகிற டேட்டாவில் இது எந்த மூலைக்கு?

பதிப்பு இலக்கத்தை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். உபுண்டு போன்றவை பழைய இலக்கத்தை வைத்துக்கொண்டே திருத்தத்தை உள்ளே சேர்த்துவிடும். உபுண்டு 18.04, 4.15 என்ற இலக்கத்தோடு ஓடியது அப்படித்தான். முக்கியமானது, அப்டேட் முடிந்ததும் கணினியை அணைத்துப் போட வேண்டும். அதுவரை நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கேர்னல்தான்.