கொத்தனாரும் தொண்ணூறு நாளும்

பாலக்காட்டு மாவட்டத்து எலப்புள்ளி, தமிழ்நாட்டு எல்லைக்கு அணித்தான ஊர். இத்தகைய ஊர்களில் சுவர் எழுப்பும் நம் கொத்தனாருக்கும் சிற்றாளுக்கும் நாளைய வேலை உறுதியன்று. பருவமழை வலுத்தால் பூச்சு வேலை நிற்கும், கூலியும் நிற்கும். சிமென்டு கையைப் புண்ணாக்கும். சாரம் சரிந்தால் குடும்பமே சரியும்.

1996இல் நடுவணரசு கட்டடத் தொழிலாளர் நலச் சட்டம் இயற்றிற்று. 18 முதல் 60 வயதுக்குட்பட்டோர், முந்தைய ஓராண்டில் 90 நாளேனும் பணிபுரிந்திருந்தால் பதியலாம் என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அவ்வரம்பு உள்ளது. கேரள அரசு 2010இல் பிற மாநிலத்தாருக்கென்றே நலத்திட்டம் தொடங்கிற்று.

ஆயினும், மேஸ்திரிகள் மாறிமாறி அழைக்கும் தொழிலில் 90 நாளுக்குச் சான்று யாது? நாளையும் இடத்தையும் கூலியையும் ஏட்டில் குறித்து, அவ்வப்போது மேஸ்திரியிடம் கையொப்பம் பெறுவோமாக. பதிவுக்கு அது துணை நிற்கும். பதிவு இருந்தால்தான் விபத்திலும் முதுமையிலும் நலநிதியை நாம் உரிமையுடன் கேட்க இயலும்.